முடிச்சக்காவின் மீதிப் பதில்

வாதத்தை வளர்க்கவும் தெரிந்து, வளர்ந்த வாதத்தை வாசலிலேயே நிறுத்தவும் தெரிந்த தலைவர் அவர்களே! மென்பொருள் நிரலின் நெளிவு சுளிவுகளை நெஞ்சில் சுமந்து நிற்கும் மூத்தோரே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குறைகளின் பட்டியலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! மடற்குழுவே மாண்பு என்று முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோரே! மன்றமே மார்க்கம் என்று பின்வரிசையில் விசிலுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கும் தோழர்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, ஒரு வரியும் எழுதாமல், ஆனால் ஒரு வரியும் விடாமல் படித்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத மௌனப் பெருமக்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கடைசியாகச் சொன்னேனே, அந்த மௌனப் பெருமக்கள்! அவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன்.

நாம் யார்? சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குக் கூலி வாங்காமல் மென்பொருள் எழுதித் தரும் கூட்டம். எந்தக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார், எந்தக் கட்டில் காலி, எவருக்கு எந்த வேளைக்கு எந்த மருந்து என்று திரையில் காட்டுகிற மென்பொருள். இத்தனை காலம் நாம் பேசிக்கொண்டது எதில்? மடற்குழுவில். ஒருவர் எழுதினால் எல்லார் பெட்டிக்கும் போகும், அவ்வளவுதான். இப்போது என்ன சண்டை? ஃபோரம் என்கிறார்களே, மன்றம், அதற்குக் குடிபெயரலாம் என்பது சண்டை. அங்கே எழுதி வைப்போம், வேண்டியவர் வந்து படித்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. தேடலாம், படம் போடலாம், பிடித்த பதிலுக்கு இதயம் போடலாம்.

என்ன தோழரே? "நீங்களே மன்றத்துக்குத்தானே பேச வந்தீங்க?" என்கிறீர்களா? உண்மை! நிகழ்ச்சி நிரலில் மன்றத்துக்காகப் பேசுபவர் வரிசையில்தான் என் பெயர் இருக்கிறது. போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது நான் அந்தப் பக்கம்தான் இருந்தேன். இப்போது எந்தப் பக்கம் என்பதைக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நம் குழுவில் ஒரு பெண்மணி இருந்தார். முடிச்சக்கா என்போம். ஏன் முடிச்சக்கா? எவர் போட்ட முடிச்சையும் அவிழ்ப்பார். நள்ளிரவு கேட்டாலும் சரி, நடுப்பகல் கேட்டாலும் சரி, அரைகுறையாகக் கேட்டாலும் சரி, அழுதுகொண்டே கேட்டாலும் சரி, அவருடைய பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும். "நான் இருக்கேன். பதறாதீங்க." அதற்குப் பிறகுதான் கணக்கு, கட்டளை, காரணம், காரியம் எல்லாம். அந்த அக்கா ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய கடைசி மடலுக்குக் கீழே யாரும் எழுதக்கூடாது என்று நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மரியாதை! அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்பது நம் அஞ்சலி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பெருமையை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

சென்ற மாதம் மன்றத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு கூடியது. தலைவரின் அலுவலக அறை. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரம். மின்விசிறி ஒரு பக்கமாகக் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைவர் பழைய மடல்களில் ஒரு பகுதியைப் புதிய தளத்தில் ஏற்றுகிறார். எதையும் அசலில் தொடாதே, நகல் எடுத்துச் சோதி என்பது நம் குலதர்மம் அல்லவா? தலைவர் நகல்தான் எடுத்தார். மடல்களை நகல் எடுத்தார், உறுப்பினர்களை நகல் எடுத்தார், அவர்களுடைய முகவரிகளையும் பிசிறில்லாமல் நகல் எடுத்தார். ஐயா, வீடு நகலாக இருக்கலாம், வாசலில் எழுதியிருந்தது அசல் முகவரி அல்லவா! "உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கவும்" என்று ஒரு கட்டம். அதில் குறி இருந்தது. எடுக்க வேண்டிய குறியை எடுக்காமல், அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்திவிட்டார்.

தலையைக் குனியாதீர்கள் தலைவரே! ஆனைக்கும் அடி சறுக்கும். இங்கே ஆனை யார் என்று நான் சொல்லவில்லை.

(சிரியுங்கள், சிரியுங்கள். இனிமேல் சிரிக்க முடியாது.)

மேசை மேல் கிடந்த கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின. எடுத்துப் பார்த்தோம். அனுப்பியவர் பெயர்: முடிச்சக்கா. தேதி: இன்றைய தேதி. நேரம்: இப்போது. முதல் வரி: "நான் இருக்கேன். பதறாதீங்க."

மறுபடி முனகல். மறுபடி அதே பெயர். மறுபடி அதே வரி. பொருளாளர் அம்மா, அதோ அந்த நீலப் புடவையில் அமர்ந்திருக்கிறாரே, அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, அதை நிறுத்துங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றார். தலைவர் நிறுத்தினார். என் கண் முன்னால் இயந்திரத்தையே நிறுத்தினார். மடல் நின்றதா? நிற்கவில்லை! வந்துகொண்டே இருந்தது.

ஏன் நிற்கவில்லை? பேயா? பிசாசா? இல்லை ஐயா. சோதனைக்குத் தலைவர் ஏற்றியது அக்காவின் மடல்களைத்தான். ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட மடல்கள் வழியில் வரிசை கட்டி நின்றன. பழையது முதலில், புதியது பின்னால் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பயன்? காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று எவன் சொன்னான்? அன்று காலை முழுக்க நான் ஒரு பிழையோடு மல்லுக்கட்டி, தோற்று, தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் அடுத்த மடலைத் திறக்கிறேன். அந்தப் பிழைக்குத் தீர்வு. எவருக்கோ எப்போதோ எழுதியதுதான். ஆனால் என் பெட்டிக்கு, இன்றைய தேதியில், எனக்கு வேண்டிய நேரத்தில் வந்து நிற்கிறது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் என்பதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் பதில் வந்தது.

யாருக்குப் பதில்? அக்காவுக்குப் பதில்! குழுவில் ஒருநாளும் எழுதாத ஒரு முகவரியிலிருந்து. முதலில் இரண்டே சொல். "யாரும்மா? நீதானா?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குள் அக்காவின் அடுத்த மடல் வருகிறது, "நான் இருக்கேன், பதறாதீங்க" என்று. அதற்கும் பதில் வருகிறது. "எங்க இருக்கே? சாப்பிட்டியா?" இன்னொரு மடல். இன்னொரு பதில். "கதவைத் தாழ் போடாமதான் வச்சிருக்கேன்."

தாய்மார்களே, உங்கள் கையைப் பாருங்கள். மயிர்க்கூச்செறிகிறதா, இல்லையா? எங்களுக்கு அந்தப் பட்டப்பகலில், அந்தப் புழுக்கத்தில் குளிர் எடுத்தது.

அது யாருடைய முகவரி? அக்காவின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அப்பாவும் பார்க்கட்டுமே என்று அக்காவே அவரைக் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். அவருக்கு ஒரு எழவும் புரியாது. ஆனாலும் நாம் போட்டுக்கொண்ட சண்டை, அடித்த கிண்டல், வாழ்த்து, வசவு எல்லாவற்றையும் மகள் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடித் தேடிப் படித்திருக்கிறார். மகள் போன பிறகும் படித்திருக்கிறார். தன் கையாலேயே மகளை வழியனுப்பிய மனிதர் ஐயா! அவருக்கு இன்றைய தேதியில் மகள் எழுதுகிறாள். "நான் இருக்கேன்" என்று எழுதுகிறாள்.

இப்போது சொல்லுங்கள், நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? மடல்கள் வருஷ வாரியாக வருகின்றன. ஒவ்வொன்றும் அவளைக் கடைசி நாளுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வருகிறது. கடைசி மடல் வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. ஒரு தகப்பன் ஒரு மகளை எத்தனை முறை பறிகொடுப்பது? "அவர் தனியா இருக்காருய்யா. வண்டியை எடு" என்றார் தலைவர். நாங்கள் இருவரும் ஓடினோம்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம். சுவரில் ஈரம் ஊறிப் பச்சை பூத்திருக்கிறது. லிஃப்ட் வாசலில் "பழுது" என்று அட்டை தொங்குகிறது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் வீட்டில் லிஃப்ட் ஓடவில்லை! மூச்சு வாங்கப் படியேறினோம். மேலே ஏற ஏற ஒரு சத்தம். டிங். கொஞ்ச நேரம் அமைதி. டிங். எங்கள் கைபேசியும் அதே நொடியில் முனகுகிறது. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு மணி, சட்டைப் பையில் ஒரு முனகல். மாடிக்குப் போனால் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. தாழ் போடவில்லை. சொன்ன சொல் தவறாமல் திறந்துதான் வைத்திருக்கிறார்.

உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முதுகுதான் தெரிகிறது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருக்கிறது. காலியாக. தலைவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"வாங்க தம்பி. இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு" என்றார் திரும்பாமலே.

"ஐயா... இது பழைய மடலுங்க. மெஷின் தப்பா அனுப்பிடுச்சு. என் தப்புதாங்க" என்றார் தலைவர்.

பெரியவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது.

"தெரியும் தம்பி. எனக்கென்ன மூளை குழம்பியா போச்சு? முதல் ரெண்டு மடலுக்குக் கொஞ்சம் ஆடித்தான் போயிட்டேன். அப்புறம் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா பதில் போட்டீங்க?" நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

அவர் சொன்னார்: "லிஃப்ட் நடுவுல நின்னு உள்ள ஆள் மாட்டிக்கிட்டா, எடுத்த உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டோம். கதவு இடுக்குல வாயை வச்சு, 'நான் இருக்கேன், பதறாதீங்க'ன்னு சொல்லுவோம். இல்லேன்னா பயத்துலயே உயிர் போயிடும். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லுவேன், இவ கேட்டுக்கிட்டே இருப்பா. அவ எழுதுறது என்னோட வார்த்தை தம்பி. இருட்டுக்குள்ளேர்ந்து குரல் வந்தா, பதில் குடுக்காம எப்படி இருக்கறது?"

அந்தக் காலி நாற்காலியில் உட்கார எங்கள் இருவருக்குமே துணிவு வரவில்லை.

டிங்.

கடைசி மடல். அதில் ஒரு செய்தி சொல்ல வேண்டும், பெரியோர்களே. பிறகு தலைவர் இயந்திரத்தின் குறிப்புகளை எல்லாம் துருவிப் பார்த்தார். அந்தக் கடைசி மடல் வருவதற்கு முன்பே மடல் வரிசை காலியாகிவிட்டதாகத்தான் அதில் இருக்கிறதாம். எங்காவது ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்கிறார் தலைவர். நானும் அப்படித்தான் நம்புகிறேன். வேறு எதையும் நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். ஒரு சின்ன மருத்துவமனையின் செவிலியர் அக்காவிடம் கேட்டிருந்த கேள்விக்கான பதில் அது. கேள்வி என்ன? ஜன்னலோரக் கட்டிலில் இருந்த நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விட்டார். ஆனால் திரை மட்டும் அவர் இன்னும் அங்கேயே படுத்திருப்பதாகக் காட்டுகிறது. என்ன செய்வது? அக்கா எழுதியிருக்கிறார்: "நான் இருக்கேன். பதறாதீங்க. அந்தப் பேரை மட்டும் அழிச்சிடாதீங்க, மத்த நோயாளிகளோட மருந்துக் குறிப்பும் கூடவே போயிடும். இதைச் சரிபண்ற வரைக்கும் அந்தக் கட்டில்ல வேற யாரையும் போடாதீங்க. மீதியை நாளைக்குச் சொல்றேன்."

அந்த நாளை வரவே இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"சரி தம்பி. மீதியை யார் சொன்னது?"

அவையோரே! மீதியை யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்களா? நான் சொன்னேனா? தலைவர் சொன்னாரா? இதயம் போடத் தெரிந்த கூட்டத்தில், இரங்கற்பா எழுதத் தெரிந்த கூட்டத்தில், எந்தப் பொத்தான் எந்த வண்ணத்தில் இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மோதிக்கொள்ளத் தெரிந்த கூட்டத்தில், அந்த மீதியை யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை! கீழே யாரும் எழுதக்கூடாது என்று மரியாதையாக விலகி நின்றோமே, அந்த மரியாதைக்குள்ளே ஒரு பெண் கேள்வியோடு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்றேன்னா சொல்லிடுவா. அவளால முடியல, நீங்கல்லாம் அந்தப் பொண்ணுக்குத் தனியாச் சொல்லியிருப்பீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்போம். சும்மா சொன்னார்.

தலைவர் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்த நோயாளி ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாறியது பாதியில் பதிவாகி நின்றிருக்கிறது, அதை முடித்து வைத்தால் கட்டில் தானாகவே விடுபடும். இவ்வளவுதான் சங்கதி! வருஷக்கணக்கில் நாம் சொல்லாமல் விட்ட மீதி, எழுதிப் பார்த்தால் மூன்றே வரி. அனுப்பப் போகும்போது பெரியவர் தலைவரின் தோளைத் தொட்டார். "மேல அந்த வரியைப் போடுங்க தம்பி." போட்டோம். "நான் இருக்கேன். பதறாதீங்க." அனுப்பினோம்.

அந்தச் செவிலியர் இன்னும் அங்கே இருப்பாரா? இந்தக் குழுவைப் படிப்பாரா? நமக்குத் தெரியாது. பெரியவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். அது ஆறுவதற்குள் மணி அடித்தது.

அந்த மடலை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். "நான் இன்னும் இங்கதான் இருக்கேங்க. அக்கா போயிட்டாங்கன்னு எல்லாரும் எழுதினீங்க. இழவு வீட்டுல போய் என் கட்டில் என்னாச்சுன்னு கேக்க வாய் வரல. அக்கா வேற யாரையும் போடாதீங்கன்னு சொன்னாங்க, போடல. திரையில ஆள் இருக்கறதா காட்டுதே, அதனால தினமும் விரிப்பு மாத்தறோம். மருந்து வேளைக்கு மெஷின் கூப்பிடும். போய்ப் பாத்துட்டு வருவோம். புதுசா வர்ற பொண்ணுங்க அந்தக் கட்டில் பக்கம் போகவே பயப்படுவாங்க. அக்கா மீதியைச் சொல்வாங்கன்னு எனக்கு மட்டும் ஏனோ தோணிக்கிட்டே இருந்துச்சு. இப்ப நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன். காலின்னு காட்டுது. வெளியே பெஞ்சுல ஒரு அம்மா இடமில்லாம உட்கார்ந்திருந்தாங்க. அவங்களைப் படுக்க வச்சிட்டோம். தூங்குறாங்க."

பெரியவர் அதை இரண்டு முறை படித்தார். "சரி, ஆள் வெளியே வந்தாச்சு" என்றார். எழுந்து கணினியை நிறுத்தினார். நாங்கள் விடைபெற்றுப் படியிறங்கும்போது, பின்னால் அவர் கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டது.

இப்போது வாக்கெடுப்புக்கு வருகிறேன். மன்றம் வேண்டும் என்பவர்களே, உங்கள் திட்டத்தின் கடைசி விதியை எத்தனை பேர் படித்தீர்கள்? "குறித்த நாளுக்குள் வந்து பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளாத உறுப்பினர்கள் நீக்கப்படுவர்." யாரை நீக்கப் போகிறீர்கள்? அந்த அப்பாவையா? அந்தச் செவிலியரையா? வராதவர்கள் இல்லாதவர்களா? எழுதாதவர்கள் படிக்காதவர்களா? மன்றத்துக்கு நாம் போக வேண்டும், மடலோ நம் வீடு தேடி வரும். அந்த அப்பா எந்த மன்றத்துக்கும் போயிருக்க மாட்டார். தலைவர் செய்த தப்பு கூட மடலாகப் போனதால்தான் அவர் கதவைத் தட்டியது. ஆகவே என் கை மடற்குழுவுக்கே உயரும். பழைய பதில்களைத் தேடிப் படிக்க மன்றமும் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அதில் எழுதுவதெல்லாம் மடலாகவும் போகட்டும். ஆனால் ஒருவரையும் நீக்காதீர்கள். ஒரு கேள்வியையும் மரியாதையின் பெயரால் மூடாதீர்கள். யாருடைய இடம் வெறுமையானாலும், அவர் விட்ட மீதியை மறுநாளே ஒருவர் எழுதட்டும்.

ஓர் இறுதி வேண்டுகோள். கை தூக்கும்போது சும்மா தூக்காதீர்கள். அந்த அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லித் தூக்குங்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கிறார், அவருக்குக் கேட்கட்டும். நான் தொடங்கி வைக்கிறேன்: நான் இருக்கேன்!

...கேட்கவில்லை, இன்னும் உரக்க!

ஆ, இப்போது கேட்டது. பின்வரிசைத் தோழர்களே, உங்கள் குரலும் கேட்டது. ஐயா, உங்களுக்கும் கேட்டிருக்கும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், தூங்கிவிட்ட குழந்தைகளை மடியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், இதைத் தங்கள் பெட்டியில் படிக்கப் போகும் மௌனப் பெருமக்களுக்கும் நெஞ்சாரக் கைகூப்புகிறேன். கூப்பிட்ட குரலுக்கு வருவேன் என்று சொல்லி அமர்கிறேன். நன்றி, வணக்கம்!